பத்து வயதுப் பெண்ணுக்குக் கொலஸ்ட்ரால் 238: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவருடைய கணவருக்குச் சென்ற ஐப்பசியில், 41 வயதில், மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மாமனார் 46 வயதில் முந்திரித் தோப்பில் வேலையாக இருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. இந்தப் பயத்தில் அந்தத் தாய் தம் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்து லேபுக்கு அழைத்துப்போய் ரத்தம் கொடுக்கச் செய்திருக்கிறார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பத்து வயது மகளுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 238, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 164, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 50, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 120. பதினான்கு வயது மகனுக்கு மொத்தம் 176, எல்.டி.எல். 110, எச்.டி.எல். 41, டிரைகிளிசரைடு 125. மகளுடையது "பார்டர் லைன்தான்", மகனுக்கு "நார்மல்" என்று லேபில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வளர்கிற பிள்ளைக்கு இந்தச் சோதனையே தேவையில்லை, முட்டையையும் முந்திரியையும் நிறுத்தினால் போதும் என்கிறார் மாமியார். மகளுக்கு ஒரு மாதமாக முட்டை கிடையாது. கணவரும் தாமும் அத்தை மகன், மாமன் மகள் உறவு என்பதையும் கடிதத்தின் கடைசியில் அந்தத் தாய் குறிப்பிட்டிருக்கிறார்.

அம்மா, நீங்கள் பரிசோதனை செய்தது சரி. உங்கள் வீட்டு நிலைமையில் எந்தக் குழந்தை மருத்துவரும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்து அனுப்பிய அன்றைக்கே யாராவது "பிள்ளைகளுக்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று சொல்லியிருந்தால் இந்தத் தவிப்பு உங்களுக்கு வந்திருக்காது. ஆனால் லேபில் சொல்லி அனுப்பிய விளக்கம் இரண்டு பிள்ளைகள் விஷயத்திலும் தவறு. தவறுக்குக் காரணம் எளிமையானது. பரிசோதனைத் தாளின் வலப்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவுகள் பெரியவர்களுக்கானவை. மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குள் இருந்தால் நல்லது, 200 முதல் 239 வரை எல்லைக்கோடு என்று அதில் இருக்கும். பத்து வயதுப் பிள்ளையின் ரத்தத்தை நாற்பது வயதுக்காரரின் அளவுகோலில் அளந்தால் இப்படித்தான் ஆகும்.

குழந்தைகளுக்கும் பத்தொன்பது வயது வரையுள்ள வளரிளம் பருவத்தினருக்கும் அளவுகள் வேறு. ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில், மொத்தக் கொலஸ்ட்ரால் 170-க்குக் கீழே இருக்க வேண்டும். 200-ஐத் தொட்டாலே அதிகம். எல்.டி.எல். 110-க்குக் கீழே இருந்தால் ஏற்கத்தக்கது, 130-ம் அதற்கு மேலும் அதிகம். டிரைகிளிசரைடு பத்து வயதுக்கு மேல் 90-க்குள் இருப்பது நல்லது, 130 என்றால் அதிகம். எச்.டி.எல். 45-க்கு மேல் இருக்க வேண்டும், 40-க்குக் கீழே போனால் குறைவு. இந்த அளவுகோலில் உங்கள் மகளுடைய 238-ம் 164-ம் எல்லைக்கோட்டைத் தெளிவாகத் தாண்டியவை. "நார்மல்" என்று சொல்லப்பட்ட மகனுடைய நான்கு எண்களுமே எல்லைக்கோட்டில் நிற்பவை. இதைப் படித்ததும் பதற வேண்டாம். மகள் விஷயத்தில் காலம் நம் பக்கம் நிறையவே இருக்கிறது. அதை வீணாக்காமல் இருந்தால் போதும்.

பிள்ளைகளுக்குக் கொலஸ்ட்ரால் பார்ப்பது எதற்கு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். எண்ணெய்ப் பலகாரம் அதிகம் தின்ற பிள்ளை யார் என்று கண்டுபிடிப்பதற்கு ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. இந்தச் சோதனையின் முதன்மையான நோக்கம், பிறவியிலேயே எல்.டி.எல். கூடுதலாக இருக்கும் பரம்பரைக் கோளாறைக் கண்டுபிடிப்பதே. நம் கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் ரத்தத்திலிருந்து எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. இவற்றைக் கண்டறிந்ததற்காக மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டைன் என்ற இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பிக்கான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டாக வருகிறது. அவற்றில் ஒன்று பழுதாக இருந்தால் ஏறத்தாழ பாதி ஏற்பிகள் வேலை செய்வதில்லை, எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இந்த ஒற்றைப் பழுது உலக அளவில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அப்படிப்பட்டவர் ஒல்லியாக இருப்பார், ஓடியாடுவார், சைவமாகக்கூட இருப்பார். வெளியில் ஒன்றும் தெரியாது. ஆனால் பிறந்த நாளிலிருந்தே அவருடைய ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்துகொண்டிருக்கும். கெடிலத்து முகத்துவாரத்தில் மணல்மேடு ஒரே நாளில் எழுவதில்லை. உங்கள் கணவருக்கு 41 வயதில் நடந்ததும் அன்றைக்கு ஆரம்பித்தது அல்ல.

கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் உடல்களைப் பிரேதப் பரிசோதனை செய்து 1953-இல் வெளியிட்ட ஆய்வு மருத்துவ உலகையே திகைக்க வைத்தது. சராசரி வயது 22 இருந்த அந்த இளைஞர்களில் 77 சதவீதத்தினரின் இதயத் தமனிகளில் கொழுப்புப் படிவுக்கான அடையாளம் இருந்தது. அதன்பின் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் போகலூசா என்ற ஊரின் பிள்ளைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, இந்தப் படிவு குழந்தைப் பருவத்திலேயே தொடங்குகிறது என்பதையும், கொலஸ்ட்ரால், எடை, ரத்த அழுத்தம் ஆகியவை கூடக்கூட அதுவும் கூடுகிறது என்பதையும் உறுதிப்படுத்தியது. ஆகவே, "வளர்கிற பிள்ளைக்குக் கொலஸ்ட்ராலா" என்ற உங்கள் மாமியாரின் கேள்வி இயல்பானதே என்றாலும், அதற்கான பதில் "ஆம், வளர்கிற பிள்ளைக்கும் உண்டு" என்பதுதான். கணவரையும் இழந்து, மகனுக்கும் மாரடைப்பு வந்ததைப் பார்த்த அந்த அம்மாளுக்கு, பேத்தியின் தாளையும் பார்க்கும் தெம்பு இல்லாமல் போயிருக்கலாம். அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தச் சோதனை வேண்டுமா என்பதில் மருத்துவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனத்தின் நிபுணர் குழு 2011-இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் 9 முதல் 11 வயதுக்குள் ஒருமுறையும், 17 முதல் 21 வயதுக்குள் ஒருமுறையும் பார்க்கப் பரிந்துரைத்தது. அந்நாட்டுக் குழந்தை மருத்துவக் கழகமும் அதை ஏற்றது. அதே நாட்டின் தடுப்புச் சேவைகள் பணிக்குழுவோ 2016-இலும் மறுபடி 2023-இலும், அறிகுறி எதுவும் இல்லாத 20 வயது வரையிலான எல்லோருக்கும் சோதனை செய்வதால் வரும் நன்மை தீமைகளை எடைபோடப் போதிய சான்று இல்லை என்றது. இதைச் "சோதனை வேண்டாம்" என்று பலர் திரித்துச் சொல்கிறார்கள்; அது தவறான வாசிப்பு. பத்து வயதில் ரத்தம் எடுத்த பிள்ளைக்கு ஐம்பது வயதில் மாரடைப்பு தவிர்ந்ததா என்று பார்க்க நாற்பது ஆண்டு ஆய்வு தேவை, அப்படி ஒன்று நடக்கவில்லை என்பதே அவர்கள் சொன்னதன் பொருள். இந்திய இதயவியல் கழகம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எல்லோரும் 18 வயதில் முதல் சோதனை செய்துகொள்ள வேண்டும், குடும்பத்தில் இளவயது மாரடைப்போ பரம்பரைக் கொலஸ்ட்ரால் கோளாறோ இருந்தால் அதற்கு முன்பே செய்ய வேண்டும் என்கிறது. என் நடைமுறையும் இதை ஒட்டியதே. ரத்தசோகையும் வளர்ச்சிக் குறைவும் இன்னும் தீராத நம் மாவட்டத்தில், பள்ளி பள்ளியாகப் போய் எல்லாப் பிள்ளைக்கும் கொலஸ்ட்ரால் பார்ப்பது முதல் வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஓர் ஆணுக்கு 55 வயதுக்கு முன்போ ஒரு பெண்ணுக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்த வீட்டில், அவர்களுடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் சோதிக்காமல் விடுவது மன்னிக்க முடியாத அலட்சியம். இதோடு, உடல் பருமன், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ள பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும். குடும்ப வரலாறு இருந்தால் இரண்டு வயதுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

உறவுக்குள் திருமணம் செய்தவர்கள் என்று நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் ஒரு வரியை நான் முதலில் வைத்துப் பார்க்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஓர் எட்டு வயதுப் பையனை என்னிடம் இருமலுக்காக அழைத்து வந்தார்கள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கச் சட்டையைக் கழற்றியபோது, இரண்டு முழங்கையிலும் பட்டாணி அளவுக்கு மஞ்சள் நிறத்தில் கொத்தாகக் கட்டிகள் தெரிந்தன. முழங்காலிலும் இருந்தன, விரல் முட்டிகளிலும் இருந்தன. மரு என்று சொல்லி ஓரிடத்தில் இரண்டு முறை சுட்டு எடுத்திருந்தார்கள்; தழும்பின் மேலேயே மறுபடி முளைத்திருந்தது. குதிகாலுக்கு மேலே ஓடும் தசைநாணை விரலால் பிடித்துப் பார்த்தேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது என் கட்டைவிரல் தடிமன் இருந்தது. அப்பாவுடைய காலைக் காட்டச் சொன்னேன். அவருக்கும் தடித்துத்தான் இருந்தது. அந்தப் பையனுடைய எல்.டி.எல். 500-ஐத் தாண்டியிருந்தது. தாயும் தந்தையும் அத்தை மகன், மாமன் மகள். இருவரிடமும் ஒற்றைப் பழுது இருந்து, இரண்டும் பிள்ளைக்கு வந்துவிட்டன. இந்த இரட்டைப் பழுது உலகில் சுமார் இரண்டரை முதல் மூன்று லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் வரும் என்பார்கள். உறவுக்குள் திருமணம் வழக்கமாக இருக்கும் இடங்களில் அதைவிடக் கூடுதலாகவே வரும். சிகிச்சை இல்லாவிட்டால் இருபது வயதுக்குள்ளேயே மாரடைப்பு வரக்கூடிய நோய் அது. மருவைச் சுட்டதற்குப் பதிலாக அன்றே ஒரு ரத்தச் சோதனை செய்திருந்தால் அந்தப் பிள்ளைக்குச் சில ஆண்டுகள் முன்பே மருந்து தொடங்கியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

உங்கள் மகளுக்கு இருப்பது அந்த இரட்டைப் பழுது அல்ல என்பதை 164 என்ற எண்ணே சொல்கிறது. ஒற்றைப் பழுது இருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் வலுவானது. வீட்டில் இளவயது மாரடைப்பு இருந்து, பிள்ளையின் எல்.டி.எல். 160-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் இந்தக் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம் என்று கொள்வது வழக்கம். "தொடர்ந்து" என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரே ஒரு சோதனையை வைத்து எந்தப் பிள்ளைக்கும் நோய்ப் பெயர் சூட்டக்கூடாது. இரண்டு வாரம் கழித்து, மூன்று மாதத்துக்குள், இன்னொரு முறை எடுத்து இரண்டின் சராசரியைப் பாருங்கள். முதல் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிட்ட பிறகு எடுத்தாலும் மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்து வரும் எண்ணை நம்பலாம். அது 145-ஐத் தொட்டால் அதிகம். உங்கள் மகளுக்கு அது 188. மறுசோதனையை மட்டும் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட வைத்து, காலையில் பள்ளிக்குப் போகுமுன் எடுத்துவிடுங்கள். தண்ணீர் குடிக்கலாம். காய்ச்சல் வந்து மூன்று, நான்கு வாரம் ஆகாமல் எடுக்காதீர்கள்; உடம்பு நோயில் இருக்கும்போது கொலஸ்ட்ரால் தற்காலிகமாகக் குறைந்து பொய்யான நிம்மதியைத் தரும்.

அதே ரத்தத்திலேயே தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, கல்லீரல் என்சைம் ஆகியவற்றையும், சிறுநீரில் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறும். அதற்கு மருந்து கொடுத்தால் இது தானாக இறங்கிவிடும். சிறுநீரில் புரதம் போகும் பிள்ளைகளுக்கு, காலையில் எழுந்ததும் இமை வீங்கியிருக்கும், கூடவே கொலஸ்ட்ராலும் தாறுமாறாக ஏறியிருக்கும். ஸ்டீராய்டு, வலிப்புக்கான சில மாத்திரைகள் முதலியவையும் கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடும்; பிள்ளை அவற்றைச் சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

மகனுடைய விஷயத்துக்கு வருகிறேன். பதினான்கு வயது என்பது இந்தச் சோதனைக்கு ஏமாற்றும் வயது. பருவமாற்றத்தின்போது கொலஸ்ட்ரால் பத்து முதல் இருபது சதவீதம் வரை இயல்பாகவே இறங்கி, பிறகு மறுபடி ஏறும். 12 முதல் 16 வயதுக்குள் எல்லோருக்குமான பொதுச் சோதனை வேண்டாம் என்று அந்த 2011 குழு சொன்னதற்கு இதுவே காரணம். ஆகவே அவனுடைய 110-ஐ இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாமல், 17 வயதில் இன்னொரு முறை கட்டாயம் பாருங்கள். அவனுக்கு ஒரு முறை, வாழ்நாளில் ஒரே ஒரு முறை போதும், எல்.டி.எல். போன்ற இன்னொரு கொழுப்புத் துகளை அளக்கும் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற சோதனையும் செய்யலாம். அதுவும் பரம்பரையாக வருவது. சாதாரண கொலஸ்ட்ரால் தாளில் தெரியாது. இளவயது மாரடைப்பு உள்ள குடும்பங்களில் கேட்டுப் பார்க்க வேண்டியது.

எல்லாவற்றையும்விட எனக்குத் தேவைப்படும் எண் உங்கள் கணவருடையது. இப்போது அவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை சாப்பிடுவதால், இன்று ரத்தம் எடுத்தால் குறைவாகத்தான் காட்டும். மாரடைப்பு வந்த நாளில் மருத்துவமனையில் சேர்த்தவுடன் எடுத்த சோதனைத் தாளையோ, அதற்கு முன் எப்போதாவது செய்த மாஸ்டர் ஹெல்த் செக்அப் தாளையோ தேடி எடுங்கள். மாத்திரைக்கு முந்தைய எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்திருந்தால் கதை ஏறக்குறைய முழுமையாகிவிடும். அவருக்குப் புகைப்பழக்கமும் சர்க்கரையும் இருந்து எல்.டி.எல். சாதாரணமாக இருந்திருந்தால் நாம் வேறு வழியில் யோசிக்க வேண்டும். நீங்களும் ரத்தம் கொடுங்கள் அம்மா. உறவுக்குள் திருமணம் செய்தவர் என்பதால் அதே மரபணு உங்களிடமும் இருக்க வாய்ப்புண்டு. உங்கள் கணவருக்குப் பழுது உறுதியானால், அவருடைய அண்ணன், தம்பி, அக்கா, தங்கை ஒவ்வொருவருக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர்களில் யாருக்கு இருக்கிறதோ அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அப்படியே. ஒரு நோயாளியைப் பிடித்துக்கொண்டு அவருடைய உறவுகளைப் படிப்படியாகச் சோதிக்கும் இந்த முறைதான் குறைந்த செலவில் நிறைய உயிர்களைக் காப்பது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். முந்திரி ஒரு தாவரப் பொருள். அதில் கொலஸ்ட்ரால் துளியும் கிடையாது. பண்ருட்டி முந்திரியை நிறுத்துவதால் உங்கள் மகளுக்கு ஒரு லாபமும் இல்லை; உப்பும் நெய்யும் போட்டு வறுக்காமல் ஒரு கைப்பிடி கொடுங்கள். முட்டையையும் திருப்பிக் கொடுங்கள். வாரத்துக்கு மூன்று, நான்கு முழு முட்டை தாராளமாகப் போதும், வெள்ளைக் கருவுக்குக் கட்டுப்பாடே இல்லை. நாம் குறைக்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது பத்தில் எட்டுப் பங்குக்கு மேல், பாமாயிலில் பாதிக்குச் சற்றுக் குறைவு, கடலை எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நெய், வெண்ணெய், டால்டா, பேக்கரி பஃப்ஸ், க்ரீம் பிஸ்கட் ஆகியவற்றைக் குறையுங்கள். குழம்புக்கு மத்தி, கானாங்கெளுத்தி நல்லது. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் உங்களுக்கு அது எளிது. கீரை, கொண்டைக்கடலை, காராமணி, கேழ்வரகு, தோலோடு கொய்யா என நார்ச்சத்து கூடட்டும். தினமும் ஒரு மணி நேரமாவது ஓடி விளையாடட்டும். ஆனால் வளரும் பிள்ளைக்குக் கொழுப்பே இல்லாத சாப்பாடு கொடுக்காதீர்கள், பட்டினி போடாதீர்கள். பரம்பரைக் கோளாறு இருந்தால் உணவால் மட்டும் பத்துப் பதினைந்து சதவீதம் இறங்கினாலே அதிகம். இறங்காவிட்டால் அது பிள்ளையின் குற்றமும் இல்லை, உங்கள் சமையலின் குற்றமும் இல்லை.

ஆறு மாதம் இப்படிப் பார்த்த பிறகும் எல்.டி.எல். 160-க்கு மேலேயே நின்றால், உங்கள் குடும்ப வரலாற்றை வைத்து மருத்துவர் ஸ்டேடின் பற்றிப் பேசுவார். பத்து வயதிலிருந்து, சில ஸ்டேடின்களை எட்டு வயதிலிருந்தே, கொடுக்கலாம். சின்னப் பெண்ணுக்கு ஆயுள் முழுக்க மாத்திரையா என்று உங்களுக்கு வயிறு கலங்கும், எனக்குத் தெரியும். நெதர்லாந்தில் இந்தக் கோளாறுள்ள பிள்ளைகளுக்கு ஸ்டேடின் தொடங்கி இருபது ஆண்டுகள் கவனித்து 2019-இல் வெளியிட்டார்கள். 39 வயதுக்குள் இதய, ரத்தக்குழாய் நோய் வந்தவர்கள் அந்தப் பிள்ளைகளில் 1 சதவீதம். அதே கோளாறுள்ள அவர்களுடைய பெற்றோரில், அதே வயதுக்குள், 26 சதவீதம். வளர்ச்சியிலும் பருவமடைவதிலும் பாதிப்பு காணப்படவில்லை. மாத்திரை தொடங்கும் முன்பும் பின்பும் கல்லீரல் என்சைமைப் பார்ப்பார்கள். பெண் பிள்ளை என்பதால், பின்னாளில் கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும்போது மருத்துவரிடம் முன்கூட்டியே பேச வேண்டும் என்பதையும் உரிய வயதில் அவளுக்குச் சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்: அப்பாவின் மாத்திரையில் பாதியை உடைத்து மகளுக்குக் கொடுப்பது. அப்படிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போதைக்கு மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அரசு தலைமை மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் இரண்டு பிள்ளைகளையும் காட்டலாம். மறுசோதனையிலும் எல்.டி.எல். 160-க்கு மேல் வந்தால், புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்கு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். போகும்போது கணவருடைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோ அறிக்கை, பிள்ளைகளின் இரண்டு சோதனைத் தாள்கள், மாமனார் இறந்த வயது உட்பட வீட்டில் யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது என்று ஒரு வெள்ளைத் தாளில் வரைந்த வம்சப் படம் ஆகியவை கையில் இருக்கட்டும். மகளைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு அவளைப் பற்றிக் கிசுகிசுவென்று பேசாமல், "அப்பாவுக்கு வந்தது உனக்கு வராமல் இருக்கத்தான் பார்க்கிறோம்" என்று அவளிடமே சொல்லிவிடுங்கள். பத்து வயதுக்கு அது புரியும்.

உங்கள் கணவருக்கு நெய்வேலியில் ஒரு தம்பி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு 36 வயது. இதுவரை ஒரு சோதனையும் செய்ததில்லை. அவரை இந்த வாரமே ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள், அவருடைய எல்.டி.எல். எவ்வளவு என்று தெரிந்ததும், மகளுடைய மறுசோதனை எண்ணோடு சேர்த்து எழுதுங்கள்.